நொண்டி நாரையும் மூன்றாம் பக்கமும்

சத்திரத்தைக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பதறாதீர்கள். தீயணைப்பு வண்டிக்கு யாரும் போன் போட வேண்டாம். அது காகிதச் சத்திரம். மூன்று வாத்துச் சத்திரம் என்று பெயர். நான் எழுதிய புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. கட்டினவனுக்குக் கொளுத்த உரிமை இல்லையா? இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். என் மனைவி ஆர்டிஸை மறந்துவிட்டு நினைத்தேன்.

என் பெயர் நார்பர்ட் டீல்கி. விஸ்கான்சினில், கெட்டில் ஏரிக்கரையில் வீடு. வீட்டுக்குக் கீழே நிலவறையில் நொண்டி நாரை பதிப்பகம். முதலாளி, எழுத்தாளர், ஓவியர் எல்லாம் நானே. முதலில் வெறும் நாரைதான். சின்னம் வரையும்போது ஒரு கால் சரியாக வரவில்லை. காலைத் திருத்துவதைவிடப் பெயரைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

நாங்கள் போடுவது 'சாம்பல் மலை' என்ற விளையாட்டு. கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். பல் டாக்டர் வீரனாகிவிடுவார், பேங்க் குமாஸ்தா மந்திரவாதியாகிவிடுவார். "பாலத்தில் பூதம் நிற்கிறது. என்ன செய்யப் போகிறாய்?" என்பார் கதை சொல்பவர். "தாண்டிக் குதிப்பேன்" என்பார் குமாஸ்தா. குதித்தாரா, ஆற்றில் விழுந்தாரா என்பதை இருபது முகப் பகடையை உருட்டித் தெரிந்துகொள்வது. அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காக வளர்ந்த மனிதர்கள் சனிக்கிழமைகளை அப்படியே தூக்கிக் கொடுக்கிறார்கள். கல்யாண நாளை மறப்பார்கள், பூதத்துக்கு எத்தனை பல் என்பதை மறக்க மாட்டார்கள். தங்கமான ஜனங்கள்.

ஆனால் இந்தத் தங்கத்தில் ஒரு கோளாறு. ஒரு தடவை புத்தகம் வாங்கினால் தீர்ந்தது. சோப்பு கரையும், செருப்பு தேயும். புத்தகம் என்ன செய்யும்? 1978-இல் வாங்கியதை வைத்துக்கொண்டு 1994-லும் ஆடுகிறார்கள். அட்டை கிழிந்தால் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் என்ன செய்வேன்?

ஜனவரி மாதம் ஒரு காலை, சாப்பாட்டு மேஜையில் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஆர்டிஸ், முக்கியமான வியாபார முடிவு ஒண்ணு எடுத்திருக்கேன்."

"போன முக்கியமான முடிவுல வாங்கின நாலாயிரம் பச்சைப் பகடை துணி துவைக்கிற ரூம்ல மூட்டை மூட்டையா கெடக்கு."

"அது வேற. இது ரெண்டாம் பதிப்பு."

"முதல் பதிப்புக்கு என்ன கேடு வந்துச்சு?"

"கேடே வர மாட்டேங்குது. அதான் கேடு. பேரன் பேத்தி எடுத்தும் அதையே வெச்சு ஆடுவாங்க. இனிமே பழைய புத்தகம் செல்லாது. விதியெல்லாம் மாத்திட்டேன். முதல் புத்தகம், அதுக்கப்புறம் போட்ட பத்து, ஆக பதினோரு புத்தகத்தையும் புதுசா வாங்கணும்."

"வாங்கலேன்னா?"

"வாங்குவாங்க. என் வாசகர்களுக்கு என்மேல எவ்வளவு பக்தின்னு உனக்குத் தெரியாது."

ஆர்டிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நாலு மூலையும் விடாமல் தடவினாள். அவள் மூலைவரை தடவினால் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

"சத்திரம் என்ன ஆகுது?"

"டிராகன் வருது. ஒரு மூச்சு விடுது. நாடே எரிஞ்சு போகுது."

"சத்திரத்தம்மா?"

"முதல் பக்கத்துலயே காலி. கரண்டிகூட மிஞ்சாது."

"சரி," என்றாள்.

கேட்டீர்களா? சரி என்றாள். முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது மூன்றே முறை. முதல் முறை கல்யாணத்தன்று, சர்ச்சில். இரண்டாம் முறை, "கூரையை நானே பழுது பார்க்கிறேன்" என்று நான் சொன்னபோது. அன்று விழுந்தவன் இரண்டு வாரம் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இது மூன்றாவது. வேறு யாராக இருந்தாலும் உஷாராகியிருப்பான். நான் இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன்.

சத்திரத்தம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழாம் பக்கத்தில் பாதி காலியாக இருந்ததால் பிறந்தவள் அவள். முட்டைக்கோஸ் சூப் காய்ச்சுவாள். வாள் எடுக்க மாட்டாள், மந்திரம் தெரியாது. ராட்சசன் உள்ளே வந்தால்கூட, "காலைத் துடைச்சிட்டு வா" என்பாள். அவனும் துடைத்துக்கொண்டு வருவான். அவ்வளவுதான் அவள் கதை. அரைப் பக்கம் நிரம்பியதும் அவளை மறந்தும்போனேன்.

அதே புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தேன். "சந்தேகமா? மூன்று வாத்துச் சத்திரத்துக்கு எழுதவும். சொந்த முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைக்கவும். இல்லையேல் பதில் கிடையாது." எங்கள் தொழிலில் எல்லாரும் போடுகிற வரிதான். கம்பெனி பெரிய கம்பெனி மாதிரி தெரியட்டுமே என்று போட்டேன். நிஜமாகவே எழுதிவிட்டார்கள். முதல் கடிதத்தைப் பிரித்தேன். சூனியக்காரி வாத்தாக மாறியிருக்கும்போது தண்ணீரில் தள்ளினால் மூழ்குவாளா என்று நாலு பக்கம், படத்தோடு. தலை வலித்தது. கடிதப் பொறுப்பை ஆர்டிஸிடம் கொடுத்துவிட்டேன். அவள் துணி துவைக்கிற ரூமில், மிஷின் ஓடுகிற நேரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள். பதினாறு வருஷமாக என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்டதில்லை. வருவதெல்லாம் என்னைப் புகழ்ந்துதானே வரும்? புகழ்ச்சி தலைக்கேறினால் எழுத்து கெட்டுவிடும்.

அந்த ஜனவரியில் தபால் கொஞ்சம் அதிகம்தான். தபால்காரர் வெண்டல், எங்கள் சனிக்கிழமை மேஜையில் மந்திரவாதி வேஷம் போடுகிறவர், பனியில் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன வெண்டல், மூட்டை கனமோ?"

"இன்னும் நாலு கடுதாசி கூடினா நாய் பூட்டின வண்டி கேக்கணும் நார்பர்ட்."

"எல்லாம் என்மேல இருக்கிற பிரியம்யா."

வெண்டல் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அப்படியும் வெச்சுக்கலாம்," என்றார்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும், ஏரி உறைந்து கிடக்கிறபோது, ஊர்க் கிளப் ஹாலில் எங்கள் ரசிகர் திருவிழா நடக்கும். வெள்ளிக்கிழமை பொரித்த மீன், சனிக்கிழமை முழுக்க ஆட்டம். ரெண்டாம் பதிப்பை அங்கே அறிவிப்பதாகத் திட்டம். முந்தின நாள் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே ஆர்டிஸ் கேட்டாள்.

"நார்பர்ட், ஒரு மேஜையில ரெண்டு பேருக்கு ஒத்துப்போகலேன்னா என்ன பண்ணணும்னு எழுதியிருக்கே?"

"வாய்ச்சண்டை கூடாது. பகடை உருட்டணும். பெரிய எண் ஜெயிக்கும். மூணாம் பக்கம்."

"எனக்கும் உனக்கும் ஒத்துப்போகலை. உருட்டுவோமா? ஹால்ல, எல்லார் முன்னாடியும். நான் ஜெயிச்சா சத்திரம் நிக்கும். நீ ஜெயிச்சா கொளுத்திக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டாளாம்! எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என்னிடம் ஒரு பகடை உண்டு. ஒரு மழைக்காலத்தில் பொழுது போகாமல், அதில் துளை போட்டு, மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயத்தை உள்ளே திணித்துப் பூசி வைத்திருந்தேன். எப்படி உருட்டினாலும் இருபதுதான். சுவரில் எறிந்தாலும் இருபது. சும்மா ஒரு அழகுக்குத்தான் வைத்திருந்தேன். அதற்கும் ஒரு காலம் வந்தது.

"மூணாம் பக்கத்து விதிப்படிதானே?" என்றாள்.

"மூணாம் பக்கத்து விதிப்படிதான்."

"முழுசா?"

"அட, முழுசாத்தான்!"

ஹாலுக்குப் போனால் எனக்கே திகைப்பு. வழக்கமாக எழுபது பேர் வருவார்கள். அன்று நிற்க இடமில்லை. அயோவாவிலிருந்து, டக்கோட்டாவிலிருந்து, பனிப்புயலில் ராத்திரி முழுக்கக் காரோட்டி வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் பழைய சாம்பல் மலை. முதுகில் டேப் ஒட்டிய புத்தகம், காபிக் கறை பிடித்த புத்தகம், நாய் கடித்த புத்தகம். பார்த்ததும் நெஞ்சு விம்மியது. என்ன பக்தி! இத்தனை பேரும் புதுசு வாங்கினால்!

மேடையேறிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். டிராகன் வந்தபோது கையை விரித்துக் காட்டினேன். பழைய புத்தகங்கள் இன்றோடு செல்லாது என்றேன். சத்திரம் எரிந்தது என்றேன். கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

சத்தமே இல்லை. எங்கள் ஊர்ப் புதுப் பாலாடைக்கட்டி கடிக்கும்போது கீச்சென்று சத்தம் போடும். கடைசி வரிசையில் யாரோ கடித்தது எனக்கு மேடையில் கேட்டது.

நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கோரின் என்று பெயர் சொன்னாள், அயோவாவில் நர்ஸ்.

"சார், எங்கப்பா உங்க விளையாட்டுல ஒரு குள்ள வீரனா ஆடிட்டிருந்தார். பன்னெண்டு வருஷம். கடைசியா படுத்த படுக்கையா கெடந்தப்ப, தனக்கப்புறம் இந்தக் குள்ளன் எங்க போவான்னு சத்திரத்தம்மாவுக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்துச்சு. 'அடுப்புக்கு மேல் மாடியில் ஒரு அறை இருக்கிறது. குளிரே தெரியாது. வாடகை வேண்டாம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்'னு. அப்பா அதைத் தலகாணிக்கு அடியிலயே வெச்சிருந்தார். அந்த ரூமையா சார் கொளுத்தப் போறீங்க?"

அப்படி ஒரு பதிலை நான் எழுதவே இல்லை. அந்த மாடி அறையை நான் கட்டவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஆர்டிஸ் ஓரத்தில் நின்று ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அங்கேயே மேடையை விட்டு இறங்கியிருந்தால் நான் மனுஷன். ஆனால் இருநூறு பேர் முன்னால் பேசின பேச்சை எப்படித் திரும்ப எடுப்பது? கை தானாக, ஈயப் பகடை இருந்த இடது பாக்கெட்டுக்குப் போனது. "விதி என்னமோ அதுபடி ஆகட்டும்," என்று கம்பீரமாகச் சொன்னேன். "என் மனைவிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. உருட்டப் போகிறோம்."

மேஜை போட்டார்கள். வெண்டல் நடுவர். நான் ஊதி, உருட்டினேன். இருபது. ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு. கோரின் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆர்டிஸ் அந்த விற்காத பச்சைப் பகடை ஒன்றை எடுத்து உருட்டினாள். மூன்று.

"இருபதுக்கு மூணு!" என்றேன். "முடிஞ்சுது!"

"முடியலை," என்றாள் ஆர்டிஸ். "வெண்டல், மூணாம் பக்கம். கீழ் பாதி."

வெண்டல் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் எழுத்தை என் முன்னாலேயே படித்தார். "உருட்டியவருக்குப் பின்னால் எழுந்து வந்து நிற்கும் ஒவ்வொரு துணைக்கும் ஒன்று கூட்டிக்கொள்க."

நான் எழுதியதுதான். புதிதாக ஆட வருகிறவர்கள் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருப்பார்களே, அவர்களை எழுப்புவதற்காக எழுதினேன். எழுதிப் பதினாறு வருஷம் ஆகிறது. எழுதினவனுக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும்?

முதலில் கோரின் வந்து ஆர்டிஸின் பின்னால் நின்றாள். அப்புறம் ஒரு லாரி டிரைவர். அப்புறம் ஒரு பாதிரியார். அப்புறம் நாற்காலிகள் நகர்கிற சத்தம் நிற்கவே இல்லை. ஆளுக்காள் ஆர்டிஸிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய் நின்றார்கள். "வாத்து மூழ்காதுன்னு நீங்கதாம்மா சொன்னீங்க." "வேலை போனப்ப எனக்கு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா?" "என் பையனுக்குச் சத்திரத்துல எடுபிடி வேலை போட்டுக் கொடுத்தீங்க, இப்ப அவன் வக்கீல்." ஆர்டிஸ் ஒவ்வொருவரையும் ஊர், பெயர் சொல்லி விசாரித்தாள். முகம் பார்த்திராதவர்களை! நானும் அந்த ஹாலில்தான் நின்றேன். இத்தனை வருஷமும் அந்த வீட்டில்தான் இருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை.

வெண்டல் எண்ணி முடித்தார். "இருநூத்திப் பதினெட்டு. மூணைக் கூட்டினா இருநூத்தி இருபத்தொண்ணு."

"எனக்குப் பின்னாலயும் ஒருத்தர் நிக்கிறாரே!" என்றேன். விடுவேனா?

திரும்பிப் பார்த்தார்கள். காபி மிஷினோடு ஒரு ஆள் நின்றிருந்தார். "மன்னிச்சுக்குங்க," என்றார். "பிளக்கு இங்கதான் இருக்கு." செருகிவிட்டு, நடந்து போய் ஆர்டிஸ் பின்னால் நின்றார்.

நடுவராயிற்றே என்று அதுவரை பொறுத்திருந்த வெண்டலும் புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பக்கம் போனார்.

தோல்வியை ஒப்புக்கொண்டு மேடையேறினேன். சத்திரம் எரியாது என்றேன். இனி நொண்டி நாரை போடுகிற எந்தப் புதுப் புத்தகமும் பழைய புத்தகத்தோடு ஒத்துப்போகும், எவர் வீட்டுப் புத்தகமும் என்றைக்கும் செல்லாமல் போகாது என்றேன். கூரை பெயர்கிற மாதிரி கைதட்டினார்கள். வாழ்நாளில் எனக்கு அப்படி யாரும் தட்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

சத்தம் அடங்குவதற்குள் ஆர்டிஸ் அந்த டேப் ஒட்டிய பெட்டிகளைப் பிரித்தாள். உள்ளே ஒரு புதுப் புத்தகம். 'மூன்று வாத்துச் சத்திரத்தின் அறைகள்.' பதினாறு வருஷக் கேள்விகள், பதினாறு வருஷப் பதில்கள். முதல் பதிப்போடு சேர்த்து ஆடலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பெட்டி பாக்கியில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு, மூட்டையோடு கொண்டுவந்திருந்த நாலாயிரம் பச்சைப் பகடையையும் ஆளுக்கொரு பிடி அள்ளிக் கொடுத்து முடித்துவிட்டாள். வியாபார மூளை என்றால் அதுதான் மூளை.

வீடு திரும்பும்போது காரில் கேட்டேன்.

"நான் கையெழுத்துப் போடாம அச்சாபீஸ்ல எப்படி அடிச்சாங்க?"

"போட்டியே. பச்சைப் பகடையைத் திருப்பி அனுப்பற காகிதம்னு நெனச்சுப் போட்டே. படிச்சுப் பாருன்னு சொன்னேன்."

"இத்தனை பேரை எப்படி வரவழைச்சே?"

"ரெண்டு மாசமா ஒவ்வொரு பதில்லயும் ஒரு வரி எழுதினேன். 'சத்திரத்துக்கு ஆபத்து, பிப்ரவரியில வந்து என் பின்னால நில்லுங்க'ன்னு."

"ரெண்டு மாசமா? நான் சொன்னதே ஜனவரியிலதானே?"

"டிசம்பர்லயே உன் பேன்ட் பாக்கெட்டுல, நீ கிறுக்கி வெச்ச காகிதத்துல டிராகன் வந்துடுச்சு. துவைக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாக்கறவ நான்."

"பாக்கெட்டுல வேற ஏதாவது...?"

"ஈயப் பகடையா? அது கோடையிலயே ஒரு தடவை என் கண்ணுக்குத் தப்பி மிஷின்ல விழுந்து கடகடன்னுச்சு. பத்து தடவை உருட்டிப் பாத்தேன். பத்தும் இருபது."

"தெரிஞ்சுமா ஆட ஒத்துக்கிட்டே? எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கலாமே!"

"ஒளிச்சிருந்தா நீ ஆட வந்திருப்பியா?"



வீடு வந்து சேர்ந்ததிலிருந்து அந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டும் என்று ஒரே தவிப்பு எனக்கு. கேட்டேன். "அவங்க சத்திரத்தம்மாவை நம்பி எழுதினது. உனக்கு என்ன வேணுமோ நீயும் எழுதிக் கேளு," என்று சொல்லிவிட்டாள். எழுதினேன். ஊர்க்கோடிக்குப் போய்த் தபால்பெட்டியில் போட்டேன், முறையாக வரட்டும் என்று. "அன்புள்ள சத்திரத்தம்மா, ஒருவன் ஈயப் பகடையோடு ஆட வந்தான். தோற்றான். பதினாறு வருஷமாகப் பக்கத்து ரூமில் என்ன நடக்கிறது என்றுகூடப் பார்க்காத முட்டாள் அவன். இப்போது உங்களுடைய பரம ரசிகன். அவனுக்குச் சத்திரத்தில் பாத்திரம் கழுவுகிற வேலையாவது கிடைக்குமா?" மனசார எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

இரண்டாம் நாள் வெண்டல் என் கடிதத்தைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று மாலை மிஷின் ஓடியது. மறுநாளும் ஓடியது. டக்கோட்டாவுக்குப் பதில் போனது, அயோவாவுக்குப் பதில் போனது. எனக்கு இல்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பத்தாம் நாள் காலைச் சாப்பாட்டில் பொறுக்க முடியவில்லை.

"ஆர்டிஸ், எல்லாருக்கும் பதில் போகுது. எதிர் நாற்காலியில உக்காந்திருக்கேன், எனக்கு மட்டும் ஏன் பதில் இல்லை?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரொட்டியின் நாலாவது மூலைக்கும் வெண்ணெய் தடவி முடித்தாள்.

"தபால்தலை ஒட்டின உறை வெக்கலையே நார்பர்ட் நீ."